முட்டிக்குள் ஒரு பச்சை நூல்

முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட யாராவது உங்களிடம் வந்து "கால் நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால், தயவுசெய்து அவர்களை நம்புங்கள். என்னைப் பதினாலு மாதம் யாரும் நம்பவில்லை. மனசில் பயம் என்றார்கள், உடம்பு கனம் என்றார்கள், பயிற்சி ஒழுங்காகச் செய்யவில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவனுக்கு நான் சொல்வது உண்மை என்று முதல் நாளே தெரியும்.

என் பெயர் ராஜேஸ்வரி. ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். முதல் பத்து வருடம் மிஷினில். பிறகு செக்கர். தைத்து வரும் கால்சட்டையை மேசையில் விரித்து, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. என் கணவர் கோபால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர், லேத் மிஷினில் இரும்பு கடைபவர். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

ஐம்பது வயதுக்கு முன்பே எனக்கு வலது முட்டி போய்விட்டது. கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்துவிட்டது. எலும்பு முனைகளில் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு இருக்குமாம், எனக்கு அது தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்றார்கள். ஊசி, மாத்திரை, பூவிருந்தவல்லியில் எண்ணெய்க் கட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருந்தது.

என் தம்பி பாஸ்கர்தான் முட்டி மாற்று பற்றி முதலில் சொன்னான். அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னோடேயே வளர்ந்தான். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கான படிப்பு படித்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே புதிதாக முட்டி மாற்று செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னாக்கா பயம்? எங்க ஆஸ்பத்திரிலயே பண்ணிக்கலாம். பெரிய டாக்டர் கை ராசியான கை. அதுவும் நான் உள்ளாற கீறேன் இல்ல" என்றான்.

நான் சம்மதித்தது டாக்டரின் கைராசிக்காக அல்ல. அந்தக் கடைசி வார்த்தைக்காக. மயக்கத்தில் கிடக்கும்போது பக்கத்தில் நம் ஆள் ஒருவன் நிற்கிறான் என்றால் வேறென்ன வேண்டும்?

முட்டி மாற்று என்றால் முழு முட்டியையும் கழற்றி மாட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தொடை எலும்பின் கீழ் முனையையும் கால் எலும்பின் மேல் முனையையும் ரம்பத்தால் மெலிதாகச் சீவி எடுத்துவிட்டு, இரண்டுக்கும் உலோகத்தில் உறை போடுகிறார்கள். நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. ஆனால் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது உலோகம் இல்லை, நம் சொந்தத் தசைநார்கள். முட்டியின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பட்டை மாதிரி. அந்த இரண்டும் சம இறுக்கமாக இருந்தால்தான் கால் நிற்கும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டு மணி நேரம் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றரை மணி நேரம் ஆனதாக என் கணவர் பிறகு சொன்னார். வெளியே வந்த டாக்டரிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாராம். "எலும்பு கெட்டிங்க" என்றாராம் டாக்டர், நடந்துகொண்டே.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது பாஸ்கரின் கண்கள்தான். முகமூடியைக்கூட அவன் இறக்கவில்லை.

"முடிஞ்சிச்சாடா?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சிக்கா. தூங்கு" என்றான். என்னைப் பார்க்காமல் மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துச் சொன்னான். சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். வலியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் வரும், போகும். நினைவில் நிற்பது வேறு சில விஷயங்கள். என் கணவர் தினமும் பட்டறைக்குப் போகும் முன் சைக்கிளில் வந்து எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். முதல் நாள் அவர் போட்ட பின்னல் கயிறு திரித்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மும்தாஜ் அம்மா சிரித்துவிட்டு, முடியை மூன்று பிரியாக எடுத்து எப்படிப் பின்னுவது என்று படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் நாள் நேராக வந்துவிட்டது. எண்ணெய்க் கறை போகாத அந்த விரல்கள் என் தலையில் பட்டபோது, இந்த ஆள் இத்தனை வருடம் இதை எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தேன்.

பாஸ்கரும் கவனிப்பில் குறை வைக்கவில்லை. டூட்டி முடிந்ததும் நேரே என் கட்டிலுக்கு வந்துவிடுவான். வீட்டுக்கு வந்த பிறகும் ஒருநாள் விடாமல் வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வந்தான். புது முட்டியைத் தினமும் மடக்கிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துக்கொள்ளும். ஒரு கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து, மறுகையால் கணுக்காலைப் பிடித்து, அவனே மெதுவாக மடக்குவான்.

"இன்னும் கொஞ்சம்கா. தொண்ணூறு டிகிரி வந்துட்டா போதும்."

"உயிர் போவுதுடா."

"போவாது. மூச்ச வுடு."

நான்காவது வாரத்தில் ஒருநாள் அப்படி மடக்கும்போது உள்ளே 'டக்'கென்று ஏதோ விட்டது. சத்தம் எனக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டான். அதன் பிறகு கால் வெண்ணெயாக மடங்கியது, பெரிய வலியும் இல்லை.

"இன்னாடா ஆச்சி?"

"ஒண்ணுமில்லக்கா. லூஸ் ஆயிடுச்சி. இனிமே வலிக்காது" என்றான். அன்று காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

இரண்டு மாதத்தில் கைத்தடியை விட்டேன். அப்போதுதான் தொடங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்தால் முட்டி உள்பக்கமாகச் சாயும். அடுத்த காலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு. மூன்று வருடம் வெளிப்பக்கம் வளைந்திருந்த கால் இப்போது உள்பக்கம் வளைந்தது. நேராக நின்றால் ஓரளவு தாங்கும். கொஞ்சம் மடக்கினால் போதும், கீழே தரையே இல்லாத மாதிரி இருக்கும். படி இறங்குவது, பேருந்தில் ஏறுவது, குனிந்து பாத்திரம் எடுப்பது, எல்லாவற்றிலும் இந்தக் கால் எப்போது கைவிடும் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் முட்டி வீங்கிவிடும்.

டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அழகா உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றார். உண்மையில் படத்தில் உலோகம் நேராகத்தான் இருந்தது. எலும்பைப் படம் பிடிக்கலாம், தசைநாரை அந்தப் படத்தில் பார்க்க முடியாது என்று எனக்கு யார் சொல்வது? படுக்கவைத்து முட்டியை ஒருமுறைகூட அவர் அசைத்துப் பார்க்கவில்லை. தொடைச் சதையைப் பலப்படுத்துங்கள், எடையைக் குறையுங்கள் என்றார். பாஸ்கர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எட்டாவது மாதம் அம்பத்தூர் ரயில் நிலைய மேம்பாலத்தில் இறங்கும்போது விழுந்தேன். நாலு படி. பின்னால் வந்த ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு என்னைப் பிடிக்காவிட்டால் கீழே வரை போயிருப்பேன். டாக்டர் இந்த முறை வேறு மாதிரி பேசினார். "விழுந்திருக்கீங்க. விழுந்தா தசைநார் நீளும். நாங்க என்ன பண்ண முடியும்?" கால் சாய்ந்ததால் விழுந்தேன் என்று சொல்கிறேன், விழுந்ததால் கால் சாய்கிறது என்கிறார்.

வெளியே வந்ததும் பாஸ்கர் சொன்னான்: "நீ மனசுல தைரியமா இருந்தா போதும்கா. பாதி நோவு பயத்துலதான் கீது."

வேலையிலும் என்னைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்துப் பொத்தான் பிரிக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். ராஜேஸ்வரி ஆபரேஷனைச் சாக்கு வைத்து ஓய்வெடுக்கிறாள் என்று பேச்சு வந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே பயம்தானோ? சாமி படத்துக்கு முன் நின்று, இந்தப் பயத்தை எடுத்துவிடு என்று வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நம்பிய முதல் ஆள் என் கணவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறுகையால் கால் எலும்பைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினார். பட்டறையில் மிஷின் பாகத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று முறை ஆட்டினார். உள்ளே 'லொடக்'கென்றது.

"ராஜி, இதுல ஆட்டம் இருக்கு" என்றார். "உள்பக்கம் தெறக்குது. இது பயம் இல்ல. பயத்துக்கு இப்படி சத்தம் வராது."

நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாஸ்கரிடம் சொல்லாமல் நகரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனோம். விடியும் முன் முதல் ரயிலைப் பிடித்து, சீட்டு வாங்கி, நீளமான பெஞ்சில் பத்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே எலும்புப் பிரிவில் இருந்த டாக்டருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு குறைவு. வந்ததும் படுக்கவைத்து முட்டியைத்தான் முதலில் பிடித்தார். நேராக வைத்து இரண்டு பக்கமும் தள்ளினார். கொஞ்சம் மடக்கி மறுபடி தள்ளினார்.

"எத்தனை மாசமா இப்படி?"

"பதினாலு மாசம்."

"இதுவரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கலையா?"

நான் என் கணவரைக் காட்டினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் சோதனைகள். முட்டியை ஒருவர் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்திருக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தில் உள்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவு வாய் திறந்திருந்தது. கிருமி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், முட்டிக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். கிருமி இல்லை. உலோகம் எலும்பை விட்டுக் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார்கள். கழலவில்லை.

பிறகு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மாற்று முட்டி ஆடுவதற்குப் பல காரணம் உண்டாம். நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டு மெலிதாக இருந்தால் எல்லாப் பக்கமும் தொளதொளக்கும். எலும்பைச் சீவும்போது, கால் நீட்டியிருக்கையில் ஒரு இடைவெளியும் மடக்கியிருக்கையில் வேறு இடைவெளியும் விழுந்துவிட்டால் ஒன்றில் இறுகி மற்றதில் தளரும். கோணலாகச் சீவினாலும் அப்படித்தான். நாள்பட்டால் தட்டு தேய்ந்தும் ஆடலாம். இல்லாவிட்டால் பக்கத்துத் தசைநார் அறுந்திருக்க வேண்டும்.

எனக்கு உடனே புரிந்தது. கால்சட்டையில் உள்கால் தையலும் வெளிக்கால் தையலும் ஒரே இழுப்பில் வராவிட்டால் கால் முறுக்கிக்கொள்ளும். அதை எத்தனை ஆயிரம் முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"உங்களுக்கு உள்பக்க நார் இல்லவே இல்லைன்னு நினைக்கிறேன். ஆபரேஷன் குறிப்பு வேணும். உள்ளே என்ன பண்ணாங்கன்னு எழுதியிருப்பாங்க, வாங்கிட்டு வாங்க" என்றார்.

வேறு வழியில்லாமல் பாஸ்கரிடம் கேட்டேன். நான் வேறு டாக்டரைப் பார்த்தது தெரிந்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. ஒரு வாரம் கழித்து வந்தான்.

"ரெக்கார்டு ரூம்ல தண்ணி பூந்துடிச்சாம்கா. பழைய கட்டெல்லாம் ஊறிப்போச்சி. கெடைக்காதுன்ட்டாங்க."

நான் அதையும் நம்பினேன்.

இரண்டாவது அறுவையில் பழைய உலோகத்தை எடுத்துவிட்டு, தானே பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் வேறு மாதிரி முட்டி வைப்பதாக முடிவானது. இந்த முறை முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். மார்புக்கு மேலே ஒரு பச்சைத் துணித் திரை. கத்தி, கிண்ணம், பேச்சு எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது.

"இங்க பாரு" என்று டாக்டர் உதவியாளரிடம் சொன்னார். "யாரோ தைச்சிருக்காங்க."

திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "என்ன நூலு டாக்டர்?"

அவர் இடுக்கியில் எதையோ பிடித்துத் திரைக்கு மேலே நீட்டினார். பச்சை நூல். தடிமனான, கரையாத நூல். இரண்டு முடிச்சு. மூன்றாவது இடத்தில் இழை இழையாகப் பிய்ந்திருந்தது.

இருபத்தாறு வருடம் தையல் பார்த்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தையல் போட்டிருக்கிறது என்றால், போட்டவனுக்குக் கிழிசல் தெரிந்திருக்கிறது. நான் விழுந்ததால் அறுந்தது என்றால் அதற்கு எட்டு மாதம் முன்பே அங்கே நூல் எப்படி வந்தது? டாக்டரிடம் அந்த நூலைக் கேட்டேன். சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் பாஸ்கர் வந்தான், சாத்துக்குடிப் பையோடு. என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் தலையணைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அவன் பார்த்ததுமே கண்டுகொண்டான்.

"ஊசிய யாருடா எடுத்துக் குடுத்தது?"

"நான்தான்கா" என்றான்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கால் எலும்பைச் சீவும்போது ரம்பம் ஒரு இழுப்பு அதிகம் போய்விட்டது. உள்பக்க நார் பாதிக்கு மேல் அறுந்துவிட்டது. டாக்டர் தைத்தார். ஆறு வாரம் முட்டி பக்கவாட்டில் சாயாதபடி வெளியே ஒரு பட்டை போட்டுக் காப்பாற்றினால் சேர்ந்துவிடும் என்றார். பிறகு அவரே, பட்டை போட்டால் ஏன் என்று கேட்பார்கள், வேண்டாம், தானாகச் சேர்ந்துவிடும் என்றார். தியேட்டரில் நடந்தது வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார்.

"சொன்னா வேல பூடும்கா. ரெண்டு கொழந்த வச்சிகினு நான் எங்க போவேன்?"

"சரி. சொல்லாம இருந்த. தையல் இருக்குன்னு தெரிஞ்சிதானே? அப்புறம் ஏண்டா தெனம் வந்து மடக்கின?"

"மடக்கலன்னா, ஏன் மடக்கலன்னு நீ கேப்பியேக்கா" என்றான்.

அந்த 'டக்' என்ற சத்தம் எனக்கு அப்போது மறுபடி கேட்டது. அவன் கை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவனின் கை.

ரம்பம் நழுவும். கத்தரி என் கையிலும் நழுவியிருக்கிறது. அதற்காக நான் யாரையும் சபிக்கமாட்டேன். ஆறு வாரம் ஒரு பட்டை போட்டிருந்தால் போதும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா, பட்டை போட்டுக்கோ, ஏன்னு கேக்காத என்றிருந்தால்கூட ஏன் என்று நான் கேட்டிருக்க மாட்டேன். அவன் சொன்னான் என்பதற்காகவே போட்டிருப்பேன்.

"நீ இப்ப சொன்னத ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றேன்.

அவன் தாளை வாங்கவில்லை. என் கணவர் எழுந்து வந்து, சாத்துக்குடிப் பையை எடுத்து அவன் கையில் மாட்டினார். "கெளம்பு பாஸ்கர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு ஒருநாள் பழைய டாக்டரையும் போய்ப் பார்த்தோம். தையல் போடுவது சாதாரண விஷயம், உங்களைப் பயமுறுத்த வேண்டாமே என்றுதான் சொல்லவில்லை என்றார். வழக்கறிஞர் ஒருவர், குறிப்பும் இல்லை, முதல் ஆபரேஷனில் இருந்த சாட்சியும் இல்லை, நூலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். குறிப்பைக் கேட்டு எழுதிப்போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருட சர்வீஸ் மீதம் இருக்கும்போதே நான் வேலையை விட்டேன். இப்போது வேப்பம்பட்டில் சொந்த வீட்டில் இருக்கிறோம். புது முட்டி முழுதாக மடங்காது, தரையில் உட்கார முடியாது. ஆனால் நிற்கிறது. கடைத்தெரு வரை தனியாகப் போய்வருகிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஆபரேஷன் குறிப்பின் நகலை வீட்டுக்கு வரும் முன்பே கேட்டு வாங்குங்கள். நேரம் கூடினால் ஏன் என்று கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். கால் சாய்ந்தால், எக்ஸ்ரேயை மட்டும் பார்க்கிற டாக்டரிடம், என் முட்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள் என்று சொல்லுங்கள். உள்ளே நம் ஆள் இருக்கிறான் என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

பாஸ்கர் இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறான். நல்லநாளில் வருவான், வாசலோடு பேசிவிட்டுப் போவான். போன மாதம் அவன் மனைவி செல்வி மட்டும் தனியாக வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தன் அம்மாவுக்கும் முட்டி மாற்று செய்தாகிவிட்டது, நன்றாக நடக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"பாஸ்கர் ஆஸ்பத்திரியிலயா?" என்றேன்.

"இல்ல அண்ணி, உங்க கவுர்மென்ட் டாக்டர்கிட்டதான். அவுங்க ஆஸ்பத்திரின்னா எல்லாம் சுளுவா முடியும்னு நான்கூட சொன்னேன். இவரு கேக்கல. அங்க வேணவே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

நல்லது என்றேன். அந்த அம்மாளின் கால் கெட்டியாக நிற்கட்டும், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. செல்விக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன், தெருமுனை வரை கூடப்போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. முதல் ஆபரேஷனிலும் இரண்டாவதிலும் அழாதவள் அன்று அழுதேன். எச்சரிக்கத் தெரியாதவன் இல்லை என் தம்பி. எனக்குத்தான் சொல்லவில்லை.